என்ன கோயில்?

காரைக்குடி முடிந்து தேவகோட்டை ரோடு தொடங்குகிற இடத்தில் ஒரு ஷாப்பிங் காம்ப்ளக்ஸ் இருக்கிறது. முகப்பில் பழைய செட்டிநாட்டு வீட்டைப் போல வளைவும் தூணும் வைத்திருப்பார்கள். தூணைத் தட்டிப் பார்த்தால் டொக்கு டொக்கு என்று சத்தம் வரும். தரையில் ஆத்தங்குடிக் கல்லைப் போலப் பூப்போட்ட டைல்ஸ். ஆத்தங்குடி இங்கிருந்து ஒரு பஸ் தூரம்தான். அங்கே போய் உண்மையான கல்லை வாங்கிப் போடாமல், எங்கோ வடக்கே மிஷினில் அச்சடித்ததைக் கொண்டுவந்து பதித்திருக்கிறார்கள். மழைநாளில் அதில் வழுக்கி விழாத ஆள் குறைவு. அந்தக் கட்டிடத்தைப் பற்றி நல்லதாக ஒரு வார்த்தை என் வாயில் வராது. அதை எதிர்பார்ப்பவர்கள் இத்தோடு நிறுத்திக்கொள்ளலாம்.

அது வருவதற்கு முன்னால் அந்த இடத்தில் ஒரு கடைவரிசை இருந்தது. தகரம் போட்ட ஏழெட்டுக் கடைகள். டீக்கடை, சலூன், ஒரு டெய்லர், ஒரு டூவீலர் மெக்கானிக், கடைசியில் என் அம்மாவின் இட்லிக்கடை. அழகான இடம் என்று பொய் சொல்லமாட்டேன். பின்னால் சாக்கடை, அதற்குப் பின்னால் கருவேலங்காடு. மழை பெய்தால் கடைக்குள் தண்ணீர் வரும். மெக்கானிக் கொட்டுகிற ஆயில் அம்மாவின் வாசல் வரைக்கும் ஓடிவரும், அதற்காக அவருக்கும் அம்மாவுக்கும் நடக்காத சண்டை இல்லை. அப்பா இறந்த பிறகு அம்மா ஆரம்பித்த கடை அது. மகள் நான் படித்ததும், பி.எட். முடித்ததும், இன்றைக்கு தேவகோட்டையில் ஒரு பள்ளிக்கூடத்தில் சமூக அறிவியல் நடத்துவதும் அந்த அடுப்பிலிருந்து வந்தவைதான். அந்த பஸ் ஸ்டாப்புக்கே இட்லிக்கடை ஸ்டாப் என்றுதான் பெயர். கண்டக்டர்கள் அப்படித்தான் கூவுவார்கள். இப்போது காம்ப்ளக்ஸ் என்று கூவுகிறார்கள்.

நிலம் எங்களுடையது இல்லை. ஒரு பெரிய வீட்டுக் குடும்பத்தின் இடம். அவர்கள் வெளிநாட்டில் இருந்தார்கள், விற்றுவிட்டார்கள். விற்க அவர்களுக்கு உரிமை உண்டு, அதில் எனக்குப் பேச்சில்லை. என் பேச்செல்லாம் வாங்கியவர்களைப் பற்றி. அவர்களுடைய ஆட்கள் இடத்தை அளக்க வந்த நாளிலிருந்து கடையை இடிக்கிற வரைக்கும் அம்மாவின் கடையில்தான் தினமும் சாப்பிட்டார்கள். சாப்பிட்டுக்கொண்டே, கட்டி முடித்ததும் இந்த வரிசையில் இருக்கிற எல்லோருக்கும் உள்ளே இடம் தருவோம் என்றார்கள். அம்மா அதைக் கேட்டு இன்னொரு கரண்டி சட்னி ஊற்றினாள். கட்டி முடித்ததும் அதே ஆட்கள், தையல்கடையும் சலூனும் இட்லிக்கடையும் காம்ப்ளக்ஸின் தோற்றத்துக்குப் பொருந்தாது என்று சொல்லிவிட்டார்கள். டெய்லர் மகள் வீட்டோடு போய்விட்டார். மெக்கானிக் பைபாஸ் பக்கம் ஒரு மரத்தடியைப் பிடித்தார். டீக்கடைக்காரர் ஆட்டோ ஓட்டுகிறார். அம்மா மட்டும் விடவில்லை. வாரம் தவறாமல் போய் காம்ப்ளக்ஸ் ஆபீஸ் வாசலில் நிற்பாள். நான் போகாதே என்பேன். அவள் காதில் போட்டுக்கொள்ள மாட்டாள்.

ஒருநாள் கூப்பிட்டு ஒரு வேலை கொடுத்தார்கள். முதல் மாடியில் இருக்கிற செட்டிநாட்டுச் சாப்பாட்டு ஹோட்டலின் வாசலில் ஆச்சியாக உட்கார்ந்திருக்கிற வேலை.

வெளியூர்க்காரர்களுக்கு இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். ஆச்சி என்பது நகரத்தார் வீட்டு வார்த்தை. கடல்கடந்து வியாபாரம் பார்த்த, பெரிய பெரிய வீடுகள் கட்டிய செட்டியார் குடும்பத்துப் பெண்களை ஆச்சி என்பார்கள். அவர்கள் வீட்டில் அப்பாவுக்கு அப்பச்சி. நாங்கள் அந்தக் கூட்டம் இல்லை. அம்மா காளையார்கோவில் பக்கத்தில் ஒரு கிராமத்தில், விவசாயம் பார்த்த குடும்பத்தில் பிறந்தவள். வழிவழியாக வேதக்காரர்கள், அதாவது கிறிஸ்தவர்கள். எங்கள் வீட்டில் யாரும் யாரையும் ஆச்சி என்று கூப்பிட்டதில்லை. அம்மாவை ஊரே அக்கா என்றுதான் கூப்பிட்டது, போலீஸ்காரர் உட்பட.

ஹோட்டல் மேனேஜர் கோயம்புத்தூர்ப் பக்கத்துக்காரர். மரியாதையான ஆள், குரல் உயர்த்தவே மாட்டார். அப்படிப்பட்டவர்களிடம் சண்டை போடுவது எவ்வளவு கஷ்டம் என்று அவரிடம்தான் தெரிந்துகொண்டேன். அம்மாவுக்குக் கண்டாங்கிச் சேலை கொடுத்தார். பின்கொசுவம் வைத்துக் கட்டத் தெரியாததால், அதற்கு ஒரு பெண்ணை வைத்து வீடியோ காட்டிச் சொல்லிக்கொடுத்தார். நெற்றியில் பெரிய பொட்டு. சங்கிலியில் இருந்த சிலுவையை ரவிக்கைக்குள் போட்டுக்கொள்ளச் சொன்னார். மடியில் ஒரு பித்தளைத் தட்டு, அதில் வெற்றிலை. அம்மாவுக்கு வெற்றிலை வாசனையே ஆகாது. வருகிற பெண்களை வாங்க ஆச்சி என்றும், ஆண்களை வாங்க அப்பச்சி என்றும் கூப்பிட வேண்டும் என்று பாடம். சென்னையிலிருந்து டீ-ஷர்ட் போட்டுக்கொண்டு வருகிற இருபத்தைந்து வயசுப் பையன்களை எல்லாம் அம்மா அப்பச்சி என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். அவர்களும் கொஞ்சமும் கூசாமல் பக்கத்தில் நின்று செல்ஃபி எடுத்துக்கொண்டார்கள்.

சமையல்கட்டுக்குள் அவளை விடவில்லை. அங்கே மாவு பாக்கெட்டில் வந்தது. அந்த வரிசையில் இருந்தவர்களில் இட்லி சுடத் தெரிந்த ஒரே ஆளை, இட்லி விற்கிற ஹோட்டலின் வாசலில் பொம்மையாக உட்கார வைத்தார்கள்.

ஏன் ஒத்துக்கொண்டாய் என்று கேட்டேன். வீட்டில் சும்மா உட்கார்ந்தால் கை காலெல்லாம் பிடித்துக்கொள்கிறது என்றாள். அது பாதிக் காரணம். மீதியை ஒரு வாரம் கழித்துச் சொன்னாள். அவளுடைய நாற்காலிக்கு எதிரே கண்ணாடிச் சுவர் வழியாக ரோட்டுக்கு அந்தப் பக்கத்து டிரான்ஸ்பார்மர் தெரிகிறதாம்.

"கடையில நின்னா அது நேரா என் மூஞ்சிக்குத் தெரியும். இப்பவும் நேராத்தான் தெரியுது. அப்படின்னா கீழ நம்ம அடுப்பு இருந்த எடம் இதுதான். நான் எந்திரிச்சிட்டா அது யாரோ எடமாயிரும்."

அம்மா அந்த நாற்காலியில் வேலைக்காக உட்காரவில்லை. தன் இடத்தில் உட்கார்ந்திருந்தாள். அதற்காகப் பொட்டு, வெற்றிலை, அப்பச்சி எல்லாவற்றையும் சகித்துக்கொண்டாள். எனக்குத்தான் சகிக்கவில்லை. பள்ளிக்கூடத்தில் ஒரு டீச்சர் என் அம்மாவோடு எடுத்த படத்தைக் காட்டி, நீங்க நகரத்தாரா, சொல்லவே இல்லையே என்று கேட்டார். இல்லை என்றேன். அப்புறம் அம்மா ஏன் ஆச்சி என்றார். ஸ்டாஃப் ரூமில் டிபன் பாக்ஸைத் திறந்து வைத்துக்கொண்டு என் சாதி சனத்தை எல்லாம் விளக்க வேண்டியதாகிவிட்டது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை. கல்யாண சீசன். அந்த மாதிரி நாட்களில் வெளியூரில் இருக்கிற நகரத்தார் குடும்பங்கள் பூட்டிக்கிடக்கும் வீடுகளைத் திறந்து பெருக்கி, விசேஷம் முடித்துவிட்டுப் போவார்கள். அம்மா ஃபாதர் வைக்கிற விடிகாலைப் பூசைக்குப் போய்விட்டு நேராக நாற்காலிக்குப் போயிருந்தாள். நான் அவளுக்குச் சாப்பாடு எடுத்துக்கொண்டு போனேன், அந்த ஹோட்டல் சாப்பாடு அவளுக்கு ஒத்துக்கொள்ளவில்லை. நான் போய்ச் சேர்ந்தபோது ஒரு பெரிய குடும்பம் மேலே ஏறி வந்துகொண்டிருந்தது. முன்னால் வந்தவர் அறுபது, அறுபத்தைந்து வயது மதிக்கத்தக்க ஓர் அம்மாள். சாதாரணக் கைத்தறிச் சேலை, காதில் மட்டும் வைரம். பார்த்த உடனே தெரிந்தது, உண்மையான ஆச்சி.

அம்மா, வாங்க ஆச்சி என்றாள். அந்த ஆச்சி நின்று சந்தோஷமாகச் சிரித்தார். தன் ஆட்களில் ஒருத்தி இந்த வயதில் இங்கே வந்து வேலை பார்க்கிறாளே என்ற இரக்கமும் அந்தச் சிரிப்பில் இருந்தது.

"ஆச்சிக்கு எந்த ஊரு?" என்று கேட்டார்.

"காளையார்கோயில் பக்கம் ஆச்சி."

"அங்குட்டா? சரி, என்ன கோயிலு?"

நகரத்தார் இரண்டு பேர் புதிதாகச் சந்தித்தால் இந்தக் கேள்வி வந்தே தீரும். அவர்களுக்குள் ஒன்பது கோயில் பிரிவு உண்டு. ஒரே கோயில்காரர்கள் என்றால் பங்காளிகள், பெண் கொடுத்து எடுப்பதில்லை. கோயிலைச் சொன்னால் போதும், நீ எனக்கு யார், எப்படிப் பழக வேண்டும் என்பதெல்லாம் விளங்கிவிடும். அம்மாவுக்கு இது தெரியாது. அவளுக்குத் தெரிந்த வழக்கம் எங்களுடையது. எங்கள் ஆட்களும் சர்ச் என்று சொல்வதில்லை, கோயில் என்றுதான் சொல்வோம். எங்களுக்குள் இரண்டு பேர் சந்தித்தாலும் எந்தப் பங்கு, என்ன கோயில் என்றுதான் விசாரிப்போம். நாற்காலிக்கு வந்ததிலிருந்து முதல்முறையாக அம்மாவிடம் ஒருவர் அவளுக்குப் பதில் தெரிந்த கேள்வியைக் கேட்டிருந்தார். அவள் முகம் மலர்ந்துவிட்டது.

"சூசையப்பர் கோயிலு ஆச்சி" என்றாள்.

பின்னால் நின்ற சின்னவர்கள் பக்கென்று சிரித்தார்கள். ஒருத்தி போனை எடுத்து, இன்னொரு தடவை சொல்லுங்க என்றாள். அந்த ஆச்சி சிரிக்கவில்லை. அம்மாவின் பொட்டையும் சேலையையும் தட்டையும் ஒருமுறை பார்த்தார். பிறகு நேராக மேனேஜரிடம் போனார்.

"எதை வேணாலும் வச்சு ஏவாரம் பண்ணிக்குங்க. எங்களப் பொம்மையாக்கி வாசல்ல உக்கார வைக்காதீக."

அவருடைய கோபத்தில் ஒரு தப்பும் இல்லை. அவருடைய பெயரையும் சேலையையும் திருடித்தான் அந்த வாசலில் வைத்திருந்தார்கள். நான் அவர் இடத்தில் இருந்திருந்தால் இன்னும் இரண்டு வார்த்தை கூடப் பேசியிருப்பேன். ஆனால் அவர் அம்மாவைத் தாண்டிப் போகும்போது ஒரு வார்த்தை பேசவில்லை. குடும்பத்தோடு சாப்பிடாமலே இறங்கிப் போனார். அம்மா கையில் வெற்றிலைத் தட்டோடு, நான் என்னத்தத் தப்பாச் சொன்னேன் என்று என்னைப் பார்த்தாள். சொன்னதில் ஒரு எழுத்துக்கூடத் தப்பில்லை என்றேன். அது அவளுக்கு ஆறுதலாக இல்லை.

இதோடு அவளை எழுப்பிவிடுவார்கள் என்று நினைத்தேன், உள்ளூர ஆசைப்படவும் செய்தேன். அந்த மேனேஜர் என்னை மாதிரி யோசிக்கிற ஆள் இல்லை. மறுநாள் அம்மாவைக் கூப்பிட்டுத் தண்ணீர் கொடுத்து உட்காரவைத்து, இனிமேல் யாராவது கேட்டால் இளையாத்தங்குடி என்று சொல்லிவிடுங்கள், நெட்டில் பார்த்தேன், அதுவும் அவங்க கோயில்களில் ஒன்றுதான் என்றாராம். அம்மா சரி என்று வந்துவிட்டாள். வீட்டில் வெங்காயம் உரித்துக்கொண்டே அந்தப் பெயரை மெல்ல முணுமுணுத்துப் பார்த்தாள். எனக்கு வந்த ஆத்திரத்தில் முறத்தைப் பிடுங்கித் தூர வைத்தேன். நாளையிலிருந்து நீ போகக்கூடாது என்று கத்தினேன்.

"கேட்டாத்தான சொல்லணும்" என்றாள் அம்மா.

அதற்கப்புறம் யாராவது கோயிலைக் கேட்டால் காது கேளாதவள் போல இருந்துவிடுவாளாம். பொய்யும் சொல்லவில்லை, நாற்காலியையும் விடவில்லை. அவளுடைய சாமர்த்தியத்தை நினைத்துப் பெருமைப்படுவதா அழுவதா என்று எனக்குத் தெரியவில்லை. கேட்கிறவர்கள் சத்தமாகக் கேட்பார்கள், பிறகு பாவம் என்று விட்டுவிடுவார்கள். நல்ல காதுள்ள என் அம்மா அந்தக் கட்டிடத்துக்குள் செவிடாகிப் போனாள்.

காம்ப்ளக்ஸின் ஆண்டுவிழா வந்தது. அதற்காக ஹோட்டல் வாசலிலேயே, நாற்காலிக்குப் பின்பக்கச் சுவர் முழுக்க ஒரு படம் ஒட்டினார்கள். தலைப்பு, இந்த மண்ணின் வரலாறு. கப்பல், பர்மாத் தேக்கு, பெரிய வீடு, நகை போட்ட பெண்கள் எல்லாம் வரிசையாக. அதன் கீழே, இந்த வளாகம் அமைந்துள்ள இடம் ஒரு வணிகக் குடும்பத்தின் பூந்தோட்டமாக விளங்கியது என்று எழுதியிருந்தது. கருவேலமரத்தைத் தவிர அந்த மண்ணில் எதுவும் பூத்து நான் பார்த்ததில்லை. கடைசியில், ஆள் உயரத்துக்கு, தட்டோடு அம்மாவின் படம். அதன் கீழே எழுதியிருந்தது இது: அந்தத் தோட்டத்தில் ஓடியாடி வளர்ந்த ஆச்சி, இன்றும் விருந்தினரை வரவேற்கிறார்.

யாரும் அவளிடம் கேட்கவில்லை. கேட்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை.

நான் லீவு போட்டுவிட்டு மேனேஜரிடம் போனேன். நான் வரலாறு நடத்துகிறவள், அதனால் என் குரல் கொஞ்சம் ஏறிவிட்டது. இங்கே தோட்டம் கிடையாது, கடைவரிசை இருந்தது, என் அம்மா கடை வைத்திருந்தாள், தெருவில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள் என்றேன். அவர் பொறுமையாகக் கேட்டார். சென்னையில் இருக்கிற டிசைனர் எழுதியதாம். முழுச் சுவருக்கும் ஒரே ஷீட், ஒரு வரியை மட்டும் மாற்ற முடியாதாம்.

"யாருக்கும் கெட்ட பேர் இல்லீங்களே மேடம். அம்மாவப் பெருமையாத்தான போட்டிருக்குது" என்றார்.

இட்லிக்கடை வைத்துப் பெண்ணைப் படிக்க வைத்தது பெருமை இல்லையா என்று கேட்டேன். இருக்குதுங்க, ஆனா நம்ம டிசைன் தீமுக்கு ஒத்து வராதுங்களே என்றார். அதற்குமேல் அவரிடம் பேசி என்ன ஆகப்போகிறது? வெளியே வந்தேன். அம்மா நாற்காலியில் இல்லை. என்னை உள்ளே விட்டுவிட்டு அவள் எழுந்து, அந்தச் சுவரை முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்து வரை எழுத்துக்கூட்டிப் படித்திருக்கிறாள். பிறகு பாத்ரூமுக்குப் போய்த் தன் சொந்தச் சேலையைக் கட்டிக்கொண்டு, கண்டாங்கியை மடித்து எடுத்துக்கொண்டு வந்தாள். சிலுவை வெளியே கிடந்தது. மேனேஜரின் மேஜையில் சேலையை வைத்தாள்.

"கோயில மாத்தச் சொன்னீக, வாய மூடிக்கிட்டு இருந்தேன். நான் இங்கன ஒழைச்சதையே இல்லாம ஆக்கிட்டீக. இனி இது என் எடம் இல்ல."

இறங்கும்போது டைல்ஸ் வழுக்கும் என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள். டிரான்ஸ்பார்மர் பக்கம் திரும்பிப் பார்க்கவே இல்லை.

நாற்காலியில் இப்போது வேறொரு பெண் உட்கார்ந்திருக்கிறாள். பள்ளத்தூர்ப் பக்கமோ என்னவோ, நல்ல வாட்டசாட்டமாக இருக்கிறாள். சுவரில் மட்டும் அம்மாதான். மாற்றவில்லை, ஒரே ஷீட்டாயிற்றே. வீட்டில் அம்மாவிடம், அக்கம்பக்கத்துக்கு இட்லி சுட்டுக் கொடுக்கலாமே என்று சொல்லிப் பார்த்தேன். எதுக்கு, சுட்டதெல்லாம் போதும் என்றாள். கடையை இடித்த அன்றைக்குக்கூட இப்படிச் சொல்லவில்லை.

போன மாதம் அவளுடைய பிரஷர் மாத்திரை தீர்ந்துவிட்டது. எங்கள் பகுதியில் இருந்த மருந்துக்கடையும் காம்ப்ளக்ஸுக்குள் போய்விட்டதால், அங்கேதான் போயாக வேண்டும். அதுவும் முதல் மாடி. நான் வாங்கி வருகிறேன் என்றதற்கு, அம்மாவும் வருகிறேன் என்று கிளம்பிவிட்டாள். ஏன் என்று நான் கேட்கவில்லை. மாத்திரை வாங்கிக்கொண்டு திரும்பும்போது அந்தச் சுவருக்கு முன்னால் காலேஜ் பெண்கள் சிலர் நின்று படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். அதில் ஒருத்தி அம்மாவைப் பார்த்தாள், சுவரைப் பார்த்தாள், ஓடி வந்தாள். நல்ல பெண். முகத்தில் அத்தனை சந்தோஷம்.

"ஆச்சி, அது நீங்கதானே?"

"படம் என்னோடதுதான் தாயி. ஆனா நான் ஆச்சி இல்ல. இங்கன இட்லிக்கடை வச்சிருந்தேன். இந்தக் கட்டடம் வர்றதுக்கு முன்னாடி."

அந்தப் பெண் சிரித்துவிட்டு ஒதுங்கியிருக்கலாம். அவள் அப்படிச் செய்யவில்லை. அக்கறையாகச் சுவருக்கு அருகில் போய், விரலை வைத்து ஒவ்வொரு வரியாகத் தேடினாள். திரும்பி வந்தபோது, பெரியவர்களைத் திருத்த நேர்ந்துவிட்டதே என்ற சங்கடம் முகத்தில் தெரிந்தது.

"இட்லிக்கடைன்னு எங்கயும் போடலையே ஆச்சி. தோட்டம்னுதான் போட்டிருக்கு."

நான் வாயைத் திறந்தேன். அம்மா என் கையை அழுத்தினாள். கண்ணாடி எடுத்து வரவில்லை, என்னதான் எழுதியிருக்கிறது என்று வாசித்துக் காட்டு தாயி என்று அந்தப் பெண்ணிடம் கேட்டாள். தனக்குத் தெரிந்ததைத்தான் கேட்கிறாள் என்று எனக்குத் தெரியும். அந்தப் பெண் கப்பலில் ஆரம்பித்து, தேக்கு, வீடு, பூந்தோட்டம் என்று திருத்தமாக, நிறுத்தி நிறுத்தி வாசித்தாள். அம்மா கைகளைக் கட்டிக்கொண்டு, கோயிலில் பைபிள் வாசகம் கேட்கிறவள் போலத் தலையைக் குனிந்து முழுவதையும் கேட்டாள். முடிந்ததும் நிமிர்ந்தாள்.

"நல்லா வாசிக்கிற. இட்லிக்கடை வச்சிருந்த பொம்பள எங்க போனான்னு அதுல எதாச்சும் போட்டிருக்கா, பாரு."

அந்தப் பெண் மறுபடியும் போய் மேலிருந்து கீழ்வரை உண்மையாகவே தேடிப் பார்த்தாள்.

"இல்ல ஆச்சி. அப்படி யாரும் இருந்ததாவே போடல."